‘நிறுத்து’ என்று சொல்ல ஒருவர்

பினாங்கின் ஜார்ஜ் டவுன் தன் சொந்தப் பெயரில் திரையில் வந்ததைக் காட்டிலும் வேறு ஊர்களாக வேடம் கட்டியதுதான் அதிகம். 1992இல் வெளிவந்த ‘இந்தோசீன்’ என்ற பிரெஞ்சுப் படத்தில் லீத் ஸ்திரீட்டின் நீல மாளிகை வியட்நாமாகத் தெரிந்தது. 1999இல் வெளிவந்த ‘அன்னா அண்ட் த கிங்’ படத்துக்குத் தாய்லாந்து அனுமதி மறுத்ததால் படக்குழு மலேசியாவுக்கு வந்தது. ஈப்போ, லங்காவியோடு பினாங்கும் சேர்ந்து பழைய சயாம் ஆனது. 2015இல் தொடங்கிய ‘இந்தியன் சம்மர்ஸ்’ தொடரில் இதே தீவு சிம்லா ஆனது.

பழைய காலம் என்றால் வீடுகளும் உடுப்புகளும் மட்டும் போதாது. தெருவில் மாடு வேண்டும், குதிரை வேண்டும். சயாம் ராஜா கதையென்றால் யானை இல்லாமல் முடியாது.

ஒரு காலத்தில் இந்த ஊரில் அவற்றைத் தேடிப் போக வேண்டிய தேவையே இல்லை. பர்மா ரோட்டுக்கு ஹொக்கியன் சீனர்கள் வைத்த பெயருக்குத் ‘தண்ணீர் வண்டித் தெரு’ என்று பொருள். மாடு பூட்டிய வண்டியில் குடிநீர் ஊருக்குள் வந்த நாட்களின் மிச்சம் அது. 1864இல் தொடங்கிய டர்ஃப் கிளப் முதலில் மெக்காலிஸ்டர் ரோட்டில்தான் குதிரைகளை ஓடவிட்டது. காரைக்குடியிலிருந்து 1894இல் கப்பலேறி வந்த நகரத்தார் வெள்ளி ரதம், தைப்பூசத்துக்கு முதல் நாள் காளைகள் இழுக்கத் தண்ணீர்மலை நோக்கிப் புறப்பட்டது. வண்டி மாட்டின் மூக்கணாங்கயிறு பிடித்தவர்களில் தமிழர் ஏராளம். மாடு மூச்சு வாங்குகிறதா, குளம்பை ஊன்றத் தயங்குகிறதா என்று பார்த்து, வண்டியை ஓரம் கட்டும் பழக்கம் அவர்களோடு இருந்தது.

இன்று ஊருக்குள் அந்த மாடும் குதிரையும் அன்றாடக் காட்சி அல்ல. படத்துக்கு வேண்டுமென்றால் லாரியில் ஏற்றித்தான் கொண்டுவர வேண்டும். வந்து இறங்கும் விலங்குக்கு இந்தத் தெரு புதிது, விளக்கு புதிது, கூட்டம் புதிது. நண்பகல் தார் காலைச் சுடும். அதன் அருகில் நிற்பவர்களில் பலர் அதை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறார்கள்.

படப்பிடிப்புத் தளத்தில் ‘ஆக்‌ஷன்’ சொல்வதும் ‘கட்’ சொல்வதும் இயக்குநர். நடிகருக்கு முடியாவிட்டால் வாய் திறந்து சொல்லிவிடுவார். விலங்கு சொல்லாது. அதற்காக ‘நிறுத்து’ என்று சொல்லும் அதிகாரம் யார் கையில் இருந்தது என்று பார்த்துக்கொண்டே போனால், படங்களில் நடித்த விலங்குகளின் நூறாண்டுக் கதை முழுவதும் வந்துவிடும். அந்தக் கதையின் மோசமான அத்தியாயங்களில் ஒன்று மலாயாவின் காடுகளில் எடுக்கப்பட்டது.

ஃபிராங்க் பக் என்ற அமெரிக்கர் சிங்கப்பூரின் கத்தோங் பகுதியில் கொட்டகை போட்டு, காட்டு விலங்குகளை வாங்கி அமெரிக்க மிருகக்காட்சி சாலைகளுக்கும் சர்க்கஸ்களுக்கும் விற்றுவந்தவர். 1930இல் ‘பிரிங் எம் பேக் அலைவ்’ என்று தன் அனுபவங்களைப் புத்தகமாக்கினார். உயிரோடு பிடித்து வா என்பதுதான் தலைப்பின் பொருள். புத்தகம் விற்றுத் தீர்ந்தது. 1932இல் அதே பெயரில் ஆர்.கே.ஓ. நிறுவனத்துக்காகப் படம் வந்தது. கிளைட் எலியட் இயக்கினார். மலாயாக் காட்டில் தற்செயலாகக் கண்ட காட்சி போல, ஒரு புலியும் மலைப்பாம்பும் கட்டிப்புரண்டன. இன்னொரு காட்சியில் புலியும் கருஞ்சிறுத்தையும் மோதின.

காட்டில் புலியும் மலைப்பாம்பும் ஒன்றையொன்று கண்டால் பெரும்பாலும் விலகித்தான் போகும். காயம் பட்ட புலியால் வேட்டையாட முடியாது; வேட்டையாட முடியாத புலி பட்டினியால் சாகும். அதனால் வீண் சண்டையை அது தவிர்க்கும். இந்தப் படத்தின் சண்டைகள் பிடித்துவைத்த விலங்குகளை அடைப்புக்குள் விட்டு, கேமராவைத் தயாராக வைத்துக்கொண்டு எடுத்தவை. தப்பிக்க வழியில்லாத இடத்தில் இரண்டு விலங்குகளைச் சேர்த்து அடைத்தால் நடப்பதைத்தான் உலகம் ‘காட்டின் இயல்பு’ என்று நம்பி டிக்கெட் வாங்கிப் பார்த்தது. படம் பெரும் வசூல். ‘வைல்ட் கார்கோ’ 1934இலும் ‘ஃபேங் அண்ட் கிளா’ 1935இலும் தொடர்ந்தன. எலியட்டே மறுபடி மலாயா வந்து ‘பூலூ’ படத்தை எடுத்தார். அது 1938இல் வெளியானது.

அந்தத் தளத்தில் விலங்கு நலனுக்கென்று பொறுப்பான ஒருவரும் இல்லை. விலங்குகளின் சொந்தக்காரர், அவற்றை விற்கும் வியாபாரி, படத்தின் நாயகன் எல்லாம் ஒரே ஆள். சண்டை எவ்வளவு கொடூரமோ அவ்வளவு வசூல் என்றால் ‘நிறுத்து’ என்று யார் சொல்வது? மலாயாக் காட்டின் பெயரில் உலகம் சுற்றிய இந்தப் படங்களின் கொடுமை இந்த மண்ணின் விலங்குகள்மீது நடந்தது என்பதைப் பினாங்கில் படம் பார்ப்பவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

இதே ஆண்டுகளில் ஹாலிவுட்டின் குதிரைகள் கம்பியில் சிக்கி விழுந்துகொண்டிருந்தன. ‘ரன்னிங் டபிள்யூ’ என்பது அந்தக் கருவியின் பெயர். குதிரையின் முன்னங்கால்களில் பட்டை கட்டி, அதிலிருந்து மெல்லிய கம்பியை வயிற்றுப் பட்டையின் வளையம் வழியாக இழுத்து, மறுமுனையை மண்ணில் புதைத்த முளையில் கட்டிவிடுவார்கள். குதிரை நாலுகால் பாய்ச்சலில் போகும். கம்பியின் நீளம் தீர்ந்ததும் முன்னங்கால் இரண்டும் வயிற்றுக்கடியில் இழுபடும். குதிரை தலைகுப்புற மண்ணில் விழும். கீழே வருகிறோம் என்று அதற்கு முன்கூட்டித் தெரியாது; கழுத்தையோ தோளையோ காப்பாற்றிக்கொள்ள நேரமில்லை. ஸ்டண்ட் ஆள் எங்கே விழப்போகிறோம் என்று தெரிந்து, கிளறிப் பதமாக்கிய மண்ணில் விழுவார். அவரையும் குதிரையையும் பிரித்தது அந்த ஒரு செய்திதான்.

1936இல் வார்னர் பிரதர்ஸ் எடுத்த ‘சார்ஜ் ஆஃப் த லைட் பிரிகேட்’ படத்தின் குதிரைப்படைக் காட்சியில் இந்தக் கம்பியில் விழுந்து சுமார் 25 குதிரைகள் இறந்தன அல்லது காயத்தால் கொல்லப்பட்டன என்பது சினிமா வரலாற்றில் திரும்பத் திரும்ப வரும் கணக்கு. 1939இல் ‘ஜெஸ்ஸி ஜேம்ஸ்’ படத்துக்காக உயரமான பாறையின் விளிம்பிலிருந்து ஒரு குதிரையைச் சறுக்கவிட்டு ஏரியில் தள்ளினார்கள். குதிரை செத்தது. அமெரிக்காவில் எழுந்த கண்டனம் அடங்கவில்லை. 1940இல் ‘அமெரிக்கன் ஹியூமேன்’ என்ற விலங்குநலச் சங்கம் ஹாலிவுட்டில் அலுவலகம் திறந்து, படப்பிடிப்புகளைக் கண்காணிக்கத் தொடங்கியது. வெளியாள் ஒருவர் தளத்துக்குள் நின்று பார்ப்பது அங்கிருந்துதான் வழக்கமானது.

பிரிட்டன் வேறு வழியில் போனது. 1937இல் அந்நாட்டு நாடாளுமன்றம் திரைப்பட விலங்குகளுக்கென்றே ஒரு சட்டம் இயற்றியது. விலங்குக்கு வலியோ பீதியோ உண்டாக்கியோ, அதைச் சீண்டி வெறியேற்றியோ எடுத்த காட்சி இருந்தால் அந்தப் படத்தைத் திரையிடவே கூடாது. எந்த நாட்டில் எடுத்தாலும் சரி. தயாரிப்பாளர் பல்லாயிரம் மைலுக்கு அப்பால் இருக்கலாம். ஆனால் படத்தை ஓட்டும் தியேட்டர் இங்கே இருக்கிறது, அதைப் பிடிக்கலாம் என்பது சட்டத்தின் கணக்கு. எண்பது ஆண்டுகள் கடந்தும் அது அங்கே நடைமுறையில் இருக்கிறது. தணிக்கையாளர்கள் இன்றும் அதைக் காட்டிக் காட்சிகளை வெட்டுகிறார்கள்.

அமெரிக்கக் கண்காணிப்புக்கோ ஒரு பலவீனம் இருந்தது. அது சட்டத்தில் இல்லை, ஹாலிவுட்டின் சுயதணிக்கை விதிகளில் ஒட்டிக்கொண்டிருந்தது. 1966இல் அந்த விதிகள் தளர்ந்ததும் கண்காணிப்பாளர்களுக்குத் தளத்தின் கதவு மூடப்பட்டது. ‘விலங்குகள் எதற்கும் தீங்கில்லை’ என்ற அறிவிப்பை முதலில் பெற்ற படம் 1972இன் ‘டோபர்மேன் கேங்’. ஆனாலும் அது விரும்பியவர் அழைத்தால் மட்டும் நடந்த வேலை. 1980இல் வெளிவந்த ‘ஹெவன்ஸ் கேட்’ படத்தின் படப்பிடிப்பில், வெடிவைத்த காட்சியில் ஒரு குதிரை இறந்தது. கண்காணிப்பாளர்கள் அந்தத் தளத்துக்குள் அனுமதிக்கப்படவில்லை. அதன்பிறகுதான் நடிகர் சங்கத்துக்கும் தயாரிப்பாளர்களுக்கும் இடையிலான ஒப்பந்தத்தில் இந்த உரிமை எழுத்தில் ஏறியது. பதினான்கு ஆண்டுகள் திறந்துகிடந்த ஓட்டையை ஒரு குதிரையின் உயிர் அடைத்தது.

நம் இந்தியப் படங்களில் விலங்குகளுக்கு அருகில் எப்போதும் ஒருவர் இருந்தார். அவர் பாகன்.

மைசூர்ச் சமஸ்தானத்தில் காரபுரத்து யானைக்கொட்டிலில் வளர்ந்த பாகன் மகன் சாபு, 1937இல் வந்த ‘எலிஃபென்ட் பாய்’ படத்தால் உலகப் புகழ் பெற்றான். ராபர்ட் ஃபிளாஹர்ட்டி மைசூர் மகாராஜாவின் யானைகளோடு எடுத்த படம் அது. நடிகனே பாகன் குலத்துப் பிள்ளை என்பதால் அந்தப் படத்தில் யானைமேல் இருக்கும் சிறுவனுக்கும் யானைக்கும் நடுவே நடிப்பு என்று தனியாக ஒன்று இல்லை. 1941இல் ‘வனமோகினி’ என்ற தமிழ்ப்படத்தில் சந்துரு என்ற யானையின் பெயர் நடிகர்களின் பெயரோடு டைட்டிலில் வந்தது. 1948இல் எஸ்.எஸ். வாசன் ‘சந்திரலேகா’வில் கமலா சர்க்கஸையும் பரசுராம் லயன் சர்க்கஸையும் அப்படியே இறக்கினார். சர்க்கஸ் விலங்கோடு சர்க்கஸ்காரரும் சேர்ந்து வந்தார்.

பாகன் ஷாட்டுக்கு முன்னால் என்ன பார்க்கிறார் என்று கவனித்தால் ஒரு மருத்துவரின் சோதனைக்கு ஒப்பாக இருக்கும். முதலில் கன்னப்பொறி: கண்ணுக்கும் காதுக்கும் நடுவே ஈரக்கோடு வழிந்திருந்தால் மதநீர்; அன்று யானை வராது, யார் சொன்னாலும் வராது. அடுத்து காது. யானைக்கு வியர்த்துச் சூடு தணியாது. காதை விசிறித்தான் உடம்பைக் குளிரவைக்கும். அசைந்துகொண்டிருந்த காது திடீரென்று நின்று விரிந்தால் ஏதோ ஒன்று அதைக் கலங்கவைத்திருக்கிறது. தும்பிக்கை நுனி எந்தப் பக்கம் திரும்புகிறது, லத்தி இளகியிருக்கிறதா, இரவு தீனி மிச்சமிருக்கிறதா. இவ்வளவும் பார்த்து முடித்தபிறகுதான் கழுத்தில் ஏறி, காதுக்குப் பின்னால் கால்விரலை வைப்பார்.

ஆனால் தெரிந்தவருக்கு அதிகாரமும் இருந்ததா? இல்லை. பாகன் தினக்கூலி. பெரிய தயாரிப்பாளரின் செட்டில், வெளிச்சம் போய்க்கொண்டிருக்கும்போது ‘இன்று வேண்டாம்’ என்று அவர் சொன்னால் அடுத்த படத்துக்கு வேறு யானை வரும். 1952இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரம் அமெரிக்க நிறுவனத்தோடு சேர்ந்து ‘காடு’ படம் எடுத்தார். வரலாற்றுக்கு முந்தைய மாமத யானைகள் கதையில் வரும். அதற்காக நம் யானைகளுக்கே நீண்ட ரோமப் போர்வை போர்த்தி மாமதமாக்கினார்கள். காதை விசிறி உடம்பைக் குளிரவைக்கும் விலங்குக்குத் தென்னிந்திய வெயிலில் ரோமக் கோட்டு. அந்த யானைகளின் பாகன்கள் என்ன நினைத்தார்கள் என்று எவரும் கேட்டு எழுதிவைக்கவில்லை.

விலங்குப் படம் என்றதும் தமிழருக்கு முதலில் வரும் பெயர் சாண்டோ சின்னப்பா தேவர். 1956இல் எம்.ஜி.ஆரை வைத்து ‘தாய்க்குப் பின் தாரம்’ எடுத்துத் தேவர் பிலிம்ஸைத் தொடங்கினார். அந்தப் படத்திலேயே காளை அடக்கும் காட்சி உண்டு. ‘தெய்வச் செயல்’ 1967இல் வந்தது. அதே கதை இந்தியில் ராஜேஷ் கன்னா நடிக்க 1971இல் ‘ஹாத்தி மேரே சாத்தி’யாகி இந்தியாவையே வென்றது, மறு ஆண்டு எம்.ஜி.ஆரின் ‘நல்ல நேர’மாகத் தமிழுக்குத் திரும்பியது. ‘வெள்ளிக்கிழமை விரதம்’ பாம்பு, ‘ஆட்டுக்கார அலமேலு’ ஆடு என்று தொடர்ந்தது. கடைசியில் யானைதான் நாயகனுக்கு இணையான நட்சத்திரம். பினாங்கு ரோட்டு ஓடியன் போன்ற தியேட்டர்கள் தமிழ்ப்படம் ஓட்டிய காலத்தைக் கண்டவர்களுக்கு, யானை தும்பிக்கை தூக்கினால் கொட்டகையில் எழுந்த விசில் நினைவிருக்கும்.

தேவர் முருக பக்தர். விலங்குகளைக் குடும்பத்தில் ஒருவராகக் காட்டிய அவர் படங்களால் குழந்தைகளுக்கு யானைமேல் பாசம் வளர்ந்தது உண்மை. அதைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் காலம் முழுவதும், தமிழ் சினிமாவில் விலங்கின் பாதுகாப்பு தயாரிப்பாளரின் மனசாட்சியை மட்டுமே நம்பியிருந்தது. மனசாட்சி உள்ளவர் கையில் விலங்கு பிழைத்தது. பாம்புப் படங்கள் பெருகிய காலத்தில் எல்லோர் கையிலும் பிழைக்கவில்லை. நச்சுப்பல்லைப் பிடுங்குவது, வாயைத் தைப்பது பாம்பாட்டிகளின் பழைய வழக்கம். தைத்த வாயோடு பாம்பு இரையெடுக்க முடியாமல் வாரக்கணக்கில் மெல்லச் சாகும். திரையில் படமெடுத்து ஆடும்போது அது பக்தியாகத் தெரியும்.

இதை மாற்றிய சட்டத்துக்கு விதை போட்டவர் மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல். கலாக்ஷேத்ராவை நிறுவிய அதே அம்மையார்தான் மாநிலங்களவை உறுப்பினராக இருந்தபோது விலங்கு வதைத் தடுப்புக்குத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அரசே சட்டம் கொண்டுவரும் என்று நேரு வாக்குக் கொடுத்ததும் மசோதாவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். 1960இல் சட்டம் வந்தது. வித்தை காட்டும் விலங்குகளைப் பதிவு செய்யாமல் பழக்கவோ காட்டவோ கூடாது என்று அதில் ஓர் அத்தியாயமே உண்டு. 1962இல் இந்திய விலங்குகள் நல வாரியம் அமைந்தபோது ருக்மிணி தேவிதான் முதல் தலைவர். வாரியத்தின் தலைமையகம் பல ஆண்டுகள் திருவான்மியூரில், கலாக்ஷேத்ரா இருக்கும் அதே வட்டாரத்தில் இயங்கியது.

சட்டம் இருந்தும் சினிமாவுக்குள் அது நுழைய நாற்பது ஆண்டுகள் ஆயின. கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் இவற்றை வித்தைக்குப் பழக்கக் கூடாது என்று மத்திய அரசு தடை விதித்தது. சர்க்கஸ்காரர்கள் வழக்கு நடத்தினார்கள். 2001இல் உச்ச நீதிமன்றம் தடையை உறுதி செய்தது. அதே ஆண்டில் வித்தை விலங்குகள் பதிவு விதிகள் வந்தன. அந்த விதிகளைப் படித்தால், படப்பிடிப்புகளில் என்னென்ன நடந்திருக்கிறது என்பது தடைகளின் வழியாகவே தெரியவரும். குதிரையை விழவைக்கக் கம்பியோ குழியோ கூடாது. விலங்குக்கு அருகில் தீயோ திடீர் வெடிச்சத்தமோ கூடாது. மயக்க மருந்து கொடுத்து நடிக்கவைக்கக் கூடாது. நோயுற்றதையும் சினையானதையும் கொண்டுவரக் கூடாது. ஓய்வில்லாமல் டேக்மேல் டேக் எடுக்கக் கூடாது. பாம்பை வைத்து எடுத்தால் அதற்கு எதையும் புகட்டக் கூடாது, தார்ச்சாலையிலோ சூடான வேறு தரையிலோ ஊர்ந்துபோக விடக் கூடாது.

அந்தக் கடைசி விதி உட்கார்ந்த இடத்தில் கற்பனை செய்து எழுதியதாகத் தெரியவில்லை. பாம்புக்கு உடம்பே பாதம். வெயிலில் காய்ந்த தாரில் அதை ஊரவிட்டால் அடிவயிறு முழுவதும் வேகும். புற்றுக்குப் போகும் பாம்பு தார்ச்சாலையைக் கடக்கும் காட்சியை நாம் எத்தனை பக்திப்படங்களில் கைகூப்பிப் பார்த்திருக்கிறோம்! பால் குடிக்கும் காட்சியும் அப்படித்தான். பாம்பு பால் குடிக்கும் பிராணி அல்ல. நாள்கணக்கில் தண்ணீர் காட்டாமல் வைத்தால், தாகத்தில் எந்தத் திரவத்திலும் வாய் வைக்கும்.

2005இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் உத்தரவு இந்த விதிகளுக்குப் பல் கொடுத்தது. விலங்கு நடித்த படமென்றால், வாரியத்தின் தடையில்லாச் சான்று இல்லாமல் தணிக்கைச் சான்று கிடையாது. படத்தை வெளியிட முடியாது என்றால் கோடிகள் முடங்கும். எனவே தயாரிப்பாளர்கள் படப்பிடிப்புக்கு முன்பே அனுமதி கேட்டு, கால்நடை மருத்துவரின் உடற்தகுதிச் சான்றோடு திருவான்மியூர் வரத் தொடங்கினார்கள். 1937இல் பிரிட்டன் தியேட்டர் வாசலில் போட்ட பூட்டை இந்தியா தணிக்கை அலுவலக வாசலில் போட்டது. 2018இல் வாரியம் ஹரியானாவின் பல்லப்கருக்கு மாறியது. சென்னைத் தயாரிப்பாளர்களுக்கு அலைச்சல் கூடியது.

காகிதம் பலமாக இருந்தாலும் தளத்தில் ஒருவர் நிற்க வேண்டும். 2021 ஆகஸ்டில் ஹைதராபாத் அருகே ‘பொன்னியின் செல்வன்’ படப்பிடிப்பில் ஒரு குதிரை இறந்தது. விலங்குரிமை அமைப்பான பீட்டா இந்தியா கொடுத்த புகாரின்பேரில் காவல்துறை வழக்குப் பதிவு செய்தது. சோழர் கதைக்குக் குதிரைகள் வேண்டும், அதில் தவறில்லை. களைத்த குதிரையை அன்றைக்கு ஓய்வுக்கு அனுப்பும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதுதான் ஒவ்வொரு தளத்திலும் கேட்க வேண்டிய கேள்வி.

இன்னொரு படம் தமிழருக்கு நெருக்கமானது. புதுச்சேரிப் பையன் பை பட்டேலும் ரிச்சர்ட் பார்க்கர் என்ற புலியும் ஒரே படகில் மிதக்கும் ‘லைஃப் ஆஃப் பை’ 2012இல் வந்தது. புலியின் காட்சிகளில் பெரும்பங்கு கணினியில் உருவானது. சில ஷாட்டுகளுக்கு நிஜப்புலி நடித்தது. நீர்த்தொட்டியில் எடுத்த ஒரு ஷாட்டில் அது கிட்டத்தட்ட மூழ்கிப் பிழைத்தது என்றும், தளத்தில் இருந்த கண்காணிப்பாளரே அதை வெளியில் சொல்ல வேண்டாம் என்ற தொனியில் மின்னஞ்சல் எழுதினார் என்றும் 2013இல் ‘ஹாலிவுட் ரிப்போர்ட்டர்’ பத்திரிகை அம்பலப்படுத்தியது. கண்காணிக்கும் வேலைக்கான பணம் திரைத்துறையிலிருந்தே வருகிறது என்ற விமர்சனமும் அதோடு சேர்ந்து எழுந்தது. 1940இல் தளத்துக்குள் நுழைந்தவர், தளத்துக்காரர்களின் ஆளாகவே ஆகிவிட முடியும் என்பதை அந்தச் செய்தி காட்டியது. அதற்கு முந்தின ஆண்டு ஒரு நல்ல முன்னுதாரணமும் உண்டு: குதிரைப் பந்தயம் பற்றிய ‘லக்’ என்ற தொடரில் மூன்றாவது குதிரையும் இறந்தபோது, எச்.பி.ஓ. நிறுவனம் தொடரையே கைவிட்டது. காலம் கடந்த முடிவு. ஆனாலும் சரியான முடிவு.

இந்திய விதிகள் இறுகியதும், யானை, புலிக் காட்சிகளைத் தாய்லாந்து போன்ற நாடுகளுக்குப் போய் எடுத்துவருவது சிலருக்கு வழக்கமானது. சட்டம் கடலோடு நின்றுவிடும், கேமரா நிற்காது. மலேசியாவும் இந்தியப் படக்குழுக்களுக்குப் பழக்கமான நாடு. அதனால் இந்தக் கரையில் இறங்கும் விலங்குக்கு இந்தக் கரையின் சட்டமே காவல்.

மலேசியாவின் 1953ஆம் ஆண்டு விலங்குச் சட்டத்தில் வதைக்கு அபராதம் 200 ரிங்கிட்தான். 2013இல் அது 50,000 ரிங்கிட்டாக உயர்ந்தது. பிறகு 2015ஆம் ஆண்டு விலங்குநலச் சட்டம் இயற்றப்பட்டு 2017 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்தது. இப்போது வதை நிரூபணமானால் குறைந்தது 20,000, அதிகபட்சம் 100,000 ரிங்கிட் அபராதம், அல்லது மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். விலங்கை வைத்திருப்பவருக்குத் தீனி, தண்ணீர், தங்குமிடம், நோய்க்கு மருந்து, வலியிலிருந்து பாதுகாப்பு ஆகியவற்றைக் கடமையாக்கியது அந்தச் சட்டம். யானை, புலி போன்ற காட்டு விலங்குகளுக்கு 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தனியாக இருக்கிறது. அதைக் கவனிப்பது ‘பெர்ஹிலித்தான்’ என்று எல்லோரும் அழைக்கும் வனவிலங்கு இலாகா. மாடு, குதிரை, நாய், ஆடு என்றால் கால்நடைச் சேவை இலாகா.

ஆகவே 1932இல் இல்லாத பூட்டுகள் இன்று இங்கே இருக்கின்றன. அன்று அடைப்புக்குள் நடந்ததை யாரும் பார்க்கவில்லை. இன்று ஆர்மீனியன் ஸ்திரீட்டிலோ பீச் ஸ்திரீட்டிலோ கேமரா வைத்தால் ஐந்தடி வழி எங்கும் வேடிக்கை பார்க்கும் கண்கள்.

அந்தக் கண்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஜார்ஜ் டவுனில் பழைய காலத்துக் காட்சிக்காக ஒரு மாட்டையோ குதிரையையோ லாரியிலிருந்து இறக்குவதைப் பார்த்தால், நடிகரோடு செல்ஃபி எடுத்த கையோடு, இங்கே கால்நடை மருத்துவர் யார், விலங்கைக் கூட்டிவந்தவர் யார் என்று கேளுங்கள். நிழலும் தண்ணீர்த் தொட்டியும் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். பதில் வராவிட்டால், விலங்கு நொண்டினால், நுரை தள்ளினால், சுடும் தாரில் காலை மாற்றி மாற்றி வைத்தால், கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு அன்றே கால்நடைச் சேவை இலாகாவுக்குப் புகார் செய்யுங்கள். தமிழ்ப்படம் எடுக்க இங்கே வரும் குழுக்களுக்கும் ஒரு வார்த்தை: கால்ஷீட்டில் இயக்குநர் பெயருக்குக் கீழே மருத்துவரின் பெயரையும் பாகனின் பெயரையும் போடுங்கள், அவர்களில் ஒருவர் கை தூக்கினால் கேமரா நிற்கும் என்று முதல் நாள் காலையிலேயே யூனிட் முழுவதற்கும் சொல்லிவிடுங்கள்.